டெம்பரேச்சர் முள் தாறுமாறாக ஆடினால் எதை முதலில் பார்ப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். டெம்பரேச்சர் முள் எப்போதும் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும். இப்போது சில நேரம் சிவப்பு வரை ஏறுகிறது, சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிமட்டத்துக்கு விழுகிறது. இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றியாயிற்று, சூடானதும் திறந்து கூலன்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. அடுத்து டாஷ்போர்டைக் கழற்றி, கேஜையே, அதாவது முள் இருக்கும் மீட்டரையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. இன்ஜின் நிஜமாகவே சூடாகிறதா, இல்லை முள் பொய் சொல்கிறதா, இதுதான் முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் எதை மாற்றினாலும் குருட்டாம்போக்குதான். கேஜில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

பழைய கார்களின் எலக்ட்ரிக்கல் வேலையில் பல வருடம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தப் புகாரோடு வரும் வண்டிகளில் கேஜே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். அதற்குள் இருப்பது ஒரு சுருளும் ஒரு முள்ளும்தான், கெடுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வயர், கனெக்டர், எர்த் (மின்சாரம் வண்டியின் உலோகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் தொடர்பு), கூலன்ட் அளவு, இந்த நான்கில்தான் பெரும்பாலும் விஷயம் முடிகிறது. ஆனால் உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நீங்கள் முள் ஏறுவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது விழுவதுதான் கவலை. சென்சாரின் முனை கூலன்டில் மூழ்கியிருக்கும் வரைதான் அது காட்டும் அளவுக்கு அர்த்தம் உண்டு. கூலன்ட் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்றோ ஆவியோ சேர்ந்துவிட்டால், சுற்றிலும் உலோகம் கொதித்துக்கொண்டிருந்தாலும் அதன் முனைக்கு வெப்பம் சரியாகப் போய்ச் சேராது. முள் கீழே இறங்கும். கூலன்ட் அலை ஒன்று வந்து தொட்டால் திடீரென்று மேலே போகும், மறுபடி விழும். ஓட்டுபவர் ‘அப்பாடா, இறங்கிவிட்டது’ என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டுவார். இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைவது இப்படித்தான். ஆகவே செலவே இல்லாத முதல் சோதனை: இரவு முழுவதும் நின்று குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் அளவு சரியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மூடியின் வால்வோ, டப்பாவுக்குப் போகும் சின்ன ஹோஸோ பழுதாக இருந்தால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், டப்பாவில்தான் அழுத்த மூடி என்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே வேண்டாம். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் கொதிக்கும். 110 டிகிரியில் அமைதியாக இருப்பது, மூடியைத் திறந்து அழுத்தம் போன அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறேன் என்பதெல்லாம் வேண்டாத வீரம்.

இன்னொரு விஷயம். தெர்மோஸ்டாட் மாற்றியிருக்கிறீர்கள். அப்படியானால் கூலன்டை இறக்கி மறுபடி நிரப்பியிருப்பார்கள். நிரப்பிய பிறகு காற்றை முழுமையாக வெளியேற்றினார்களா? சில இன்ஜின்களில் அதற்கென்றே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். இல்லாதவற்றில் வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, மூடி திறந்த நிலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் அடங்கும் வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் தட்டில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் குண்டூசி போன்ற ஒன்றும் இருந்தால், தட்டு செங்குத்தாக உட்காரும் இன்ஜின்களில் அது மேல்பக்கம் இருக்கும்படி மாட்ட வேண்டும். காற்று வெளியேறுவதற்குத்தான் அந்த ஓட்டை. கீழ்ப்பக்கமாக மாட்டினால் காற்று மேலேயே தங்கிவிடும், சென்சாரும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கூலன்ட் சரியாக இருக்கிறது என்று உறுதியானால், அடுத்து முள்ளைச் சாராத ஓர் அளவு வேண்டும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். அதைப் பளபளக்கும் அலுமினியத்தின் மீது நேராகக் காட்டினால் தவறான, மிகக் குறைந்த அளவுதான் வரும். அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை மங்கலான பரப்பைக் கணக்கில் வைத்தே அளக்கின்றன, மினுங்கும் உலோகம் அந்த அளவு கதிர்வீச்சை விடுவதில்லை. தெர்மோஸ்டாட் உட்காரும் உலோக உறையின் மேல், சென்சாருக்குப் பக்கத்தில் மங்கலான கறுப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்த பிறகு அதன் மீது நெருக்கமாகக் காட்டி அளவு எடுங்கள். உள்ளே இருக்கும் கூலன்டை விட வெளிப்பரப்பு சில டிகிரி குறைவாகவே இருக்கும். அதனால் துல்லியத்தைத் தேடாதீர்கள். முள் சிவப்பில் நிற்கும்போது அந்தப் பொட்டு 85 காட்டினால் முள் பொய் சொல்கிறது. 110 காட்டினால் முள் உண்மையைத்தான் சொல்கிறது. இதற்கு நடுவில் வந்தால் மட்டும்தான் யோசிக்க வேண்டும்.

கருவி கையில் இல்லையென்றால், முள் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதே ஒரு துப்பு. பல லிட்டர் கூலன்டும் அதைச் சுற்றியிருக்கும் இரும்பும் இரண்டு நொடியில் 40 டிகிரி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. குளிர்ந்த இன்ஜினில் சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே முள் உச்சிக்குப் போனால் அது வயரிங் சமாச்சாரம், சந்தேகமே இல்லை. ஹெட்லைட்டைப் போட்டதும் நகர்ந்தால் எர்த். பள்ளத்தில் இறங்கும்போது துள்ளினால் லூஸ் கனெக்‌ஷன். இதற்கு மாறாக, நெரிசலில் நிற்கும்போது நிதானமாக ஏறி, வேகமெடுத்ததும் நிதானமாக இறங்கினால் அது உண்மையான வெப்பம். ஃபேனைப் பாருங்கள். வேகமாகப் போகும்போதோ மேட்டில் ஏறும்போதோ மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் பக்கம் போக வேண்டும். இடையில் ஒரு சிக்கல் உண்டு: சென்சார் முனையில் காற்று சேரும்போதும் முள் ஓரளவு சட்டென்றுதான் ஆடும். அதனால்தான் கூலன்ட் சோதனையை முதலில் வைத்தேன்.

சரி, வயரிங்குக்கு வருவோம். பழைய கார்களில் இந்தச் சர்க்யூட் ரொம்ப எளிது. இக்னிஷனிலிருந்து ஃபியூஸ் வழியாகக் கேஜுக்கு மின்சாரம் வருகிறது. கேஜிலிருந்து ஒற்றை வயர் இன்ஜினில் இருக்கும் சென்சாருக்குப் போகிறது. சென்சார் தன் மரை வழியாக இன்ஜின் பாடியில் எர்த் ஆகிறது. சென்சாருக்குள் இருப்பது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள். குளிர்ந்திருக்கும்போது சில நூறு ஓமிலிருந்து ஓரிரண்டு ஆயிரம் ஓம் வரை இருக்கும், சூடானால் நூறுக்குக் கீழேகூட வந்துவிடும். சரியான எண் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தடை குறைந்தால் கரன்ட் கூடும், முள் ஏறும். இதிலிருந்தே இரண்டு விஷயம் புரிந்துவிடும். வயர் அறுந்தாலோ கனெக்டர் விட்டுப்போனாலோ முள் குளிருக்கு விழும். வயரின் மேலுறை தேய்ந்து செம்பு இன்ஜின் பாடியில் பட்டால் முள் உச்சிக்குப் போகும்.

உங்கள் முள் இரண்டையும் செய்கிறது. அதனால் அந்த ஒற்றை வயரின் கடைசி ஒரு சாண் நீளத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இன்ஜின் சூட்டில் பல வருடம் வெந்து, மேலுறை அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலால் மெல்ல வளைத்தால் பொடியாக உதிரும். சில சமயம் உறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து இரண்டு மூன்றுதான் மிச்சம் இருக்கும். கனெக்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் தகடு தளர்ந்திருக்கிறதா பாருங்கள். சென்சாரின் மேல் தொளதொளவென்று நிற்காமல் சொருகியதும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது வயரை மட்டும் லேசாக அசைத்து, இன்னொருவரை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேனும் பெல்ட்டும் சுற்றும் இடம், கையும் சட்டைக் கையும் ஜாக்கிரதை.

அப்புறம் பழைய மெக்கானிக்குகள் எல்லோரும் செய்யும் சோதனை. இக்னிஷனைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சென்சார் வயரைக் கழற்றுங்கள். முள் குளிருக்குப் போக வேண்டும். அந்த வயரின் முனையை இன்ஜின் பாடியில் தொடுங்கள். முள் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜும் அதுவரை வரும் வயரும் உயிரோடு இருக்கின்றன. எர்த்தில் அதிக நேரம் வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். முள் சிவப்பைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள், சில கேஜ்களின் சுருள் அதில் கருகிவிடும். நேரடியாகத் தொடுவதற்குப் பதில் நடுவில் 50 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைப் பிடித்துத் தொடுவது இன்னும் நல்லது. வயரைக் கழற்றிய பிறகும் முள் உச்சியிலேயே நின்றால், வயர் வழியில் எங்கோ பாடியில் படுகிறது. எர்த்தில் தொட்டும் அசையவில்லையென்றால் ஃபியூஸ், கேஜின் பின்னால் இருக்கும் நட்டு, அங்கே இருக்கும் மெல்லிய செம்புத் தடச் சர்க்யூட், இவற்றைப் பாருங்கள். இந்தச் சோதனை கேஜ் சரியான அளவைக் காட்டுகிறது என்று நிரூபிக்காது. முள் அசைகிறது என்பதை மட்டும்தான் நிரூபிக்கும். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பெட்ரோல் முள்ளைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் கவனியுங்கள். பல பழைய கார்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். பேட்டரியின் 12, ஆல்டர்னேட்டரின் 14 என்று மாறும் வோல்டேஜை ஒரே நிலையில் வைத்து, டெம்பரேச்சர், பெட்ரோல் இரண்டு கேஜுக்கும் அதுதான் கொடுக்கும். சில கார்களில் 10 வோல்ட், சிலவற்றில் 5. உள்ளே பைமெட்டல் பட்டை (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை) இருக்கும் வகை என்றால் தொடர்ச்சியாகக் கொடுக்காது, விட்டு விட்டுக் கொடுக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது, அதன் சுபாவமே அதுதான். ஸ்டெபிலைசரின் தொடுமுனை ஒட்டிக்கொண்டாலோ அதன் எர்த் விட்டுப்போனாலோ முழு பேட்டரி வோல்டேஜும் கேஜுக்குப் போகும், இரண்டு முள்ளும் சேர்ந்து அளவுக்கு மேல் காட்டும். திறந்தே நின்றுவிட்டால் இரண்டும் சேர்ந்து விழும். ஆகவே டெம்பரேச்சர் முள் கூத்தாடும்போது பெட்ரோல் முள்ளும் கூடவே ஆடினால், சென்சாரைத் தேடி பானட்டைத் திறக்கவே வேண்டாம். பெட்ரோல் முள் அசையாமல் நின்றால் ஸ்டெபிலைசரை ஏறக்குறைய மறந்துவிடலாம்.

எர்த்தைப் பார்ப்பதும் எளிதுதான். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில், இன்னொரு முனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை வந்தால் கவலை இல்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரியிலிருந்து இன்ஜின் வரையிலான எர்த் இணைப்பில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. அடுத்து சென்சாரின் உடம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே ஓம் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். புது சென்சாரை மாட்டும்போது கசியாமல் இருக்க வெள்ளை டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றியிருந்தால் அந்தத் தொடர்பு கெடலாம். அப்படி இருந்தால் முள் குறைவாகக் காட்டும், அதிகமாகக் காட்டாது. உங்கள் வண்டியில் எர்த் மட்டுமே காரணம் என்று நான் நினைக்காததற்கு இதுதான் காரணம்.

சென்சார் புதிது என்பதாலேயே அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது. ஒரே மரை, ஒரே உருவம், ஆனால் வேறு மின்தடை அளவு என்று கடையில் எத்தனையோ இருக்கின்றன. அதை மாட்டினால் முள் எப்போதும் கூடுதலாகவோ எப்போதும் குறைவாகவோ நிற்கும். எச்சரிக்கை விளக்குக்கான சுவிட்சும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அதற்கு மூடியது, திறந்தது என்ற இரண்டே நிலைதான். சென்சாரைக் கழற்றி, அதன் முனை மட்டும் முங்கும்படி தண்ணீரில் பிடித்து, பாத்திரத்தின் அடியில் படாமல் சூடாக்குங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். மல்டிமீட்டரில் ஓம் அளவு ஒழுங்காக, சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் தாவினாலோ காணாமல் போனாலோ அது புதிதாக இருந்தாலும் குப்பைதான். தெர்மோஸ்டாட்டையும் இதே பாத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். அதன் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். அந்த அளவை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

மேலே சொன்ன வயர் சோதனை எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. மிகப் பழையவற்றில் கேஜிலிருந்து இன்ஜினுக்கு வயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் போகும், உள்ளே ஆவியாகும் திரவம். அதில் மின்சாரமே இல்லை. குழாய் மடிந்தாலோ உடைந்தாலோ முள் கீழேயே கிடக்கும். மறுபக்கம், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த கார்களில் பெரும்பாலும் இரண்டு சென்சார்: ஒற்றை வயர் உள்ளது கேஜுக்கு, இரண்டு வயர் உள்ளது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு. இரண்டு வயர் உள்ளதை எர்த் செய்து விளையாட வேண்டாம். இன்னும் பிந்தைய கார்களில் கம்ப்யூட்டர்தான் முள்ளை நகர்த்துகிறது, பரந்த ஒரு வெப்ப எல்லைக்குள் வேண்டுமென்றே நடுவிலேயே நிறுத்தி வைக்கிறது. அவற்றில் ஸ்கேனரை மாட்டி கம்ப்யூட்டர் படிக்கும் டிகிரியைப் பார்ப்பதுதான் வழி. உங்கள் காரின் வயது மிகப் பழைய காலத்துக்கும் கம்ப்யூட்டர் காலத்துக்கும் நடுவில் விழலாம். அதனால் வயரைத் தொடும் முன் சர்வீஸ் மேனுவலில் வயரிங் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

அளந்து பார்த்ததில் வெப்பம் உண்மை என்று தெரிந்தால் கதை வேறு, அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இன்ஜின் கொதிக்கும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது பெரிய காற்றடைப்பு. ரேடியேட்டரின் முகப்பில் அங்கங்கே குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அடைப்பு. கூலன்ட் எங்கும் சொட்டாமல் குறைந்துகொண்டே போனால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) மீது சந்தேகம் வர வேண்டும். ரேடியேட்டரின் திறப்பில் ஒரு கருவியை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுக்கும் சோதனை ஒன்று உண்டு, எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். கேஸ்கெட் கசிவும் கூலன்டுக்குள் வாயுவைத் தள்ளி முள்ளை ஆட வைக்கும் என்பதால், காற்றை வெளியேற்றிய பிறகும் திரும்பத் திரும்பக் காற்று சேர்ந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து என் ஊகம்: தெர்மோஸ்டாட் மாற்றுவதற்கு முன்பே முள் இப்படி ஆடியது என்றால் சென்சார் வயரின் முனை, அல்லது கூலன்ட் குறைவு. மாற்றிய பிறகு ஆட்டம் அதிகமானது என்றால் அதோடு உள்ளே தங்கிய காற்று. இரண்டையும் எழுத்தை வைத்துப் பிரிக்க முடியாது, அந்தக் கறுப்புப் பொட்டில் எடுக்கும் அளவுதான் பிரிக்கும்.

அதுவரை வண்டியை எடுக்கலாமா? கூலன்ட் நிறைந்திருக்கிறது என்று காலையில் பார்த்திருந்தால், பக்கத்து மெக்கானிக் வரை எடுக்கலாம். நீண்ட பயணம் வேண்டாம். ஓட்டும்போது முள் எங்கே இருந்தாலும் ஹீட்டரை அவ்வப்போது போட்டுப் பாருங்கள். முள் உச்சியில், ஹீட்டரில் குளிர்ந்த காற்று என்றால் கூலன்ட் ஓடவில்லை. முள் அடியில் விழுந்து, ஹீட்டரும் குளிர்ந்துவிட்டால் அதைவிட மோசம். இரண்டிலும் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். முள் விழுந்தும் ஹீட்டரில் சூடான காற்று சீராக வந்தால் அநேகமாக வயர்தான்.

சோதித்த பிறகு மூன்று விஷயம் எழுதுங்கள்: முள் சிவப்பில் இருந்தபோது பொட்டில் எத்தனை டிகிரி, பெட்ரோல் முள்ளும் கூட ஆடியதா, சென்சார் குளிரிலும் கொதிநீரிலும் எத்தனை ஓம். காரின் மாடலும் வருடமும் சேர்த்துச் சொன்னால் வயரிங் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.